முகவரி பார்த்துக் கூரை தருவதா? ஹங்கேரியின் புதிய அரசாணை குறித்து எங்கள் நிலைப்பாடு

செப்டம்பர் 2024

2024 ஆகஸ்ட் 21 அன்று நடைமுறைக்கு வந்து, போர் நடப்பதாகப் பட்டியலிட்ட மாகாணங்களுக்கு வெளியிலிருந்து வந்த உக்ரைன் அகதிகளுக்கு அரசுச் செலவிலான தங்குமிடத்தை நிறுத்திய அரசாணையைப் பற்றி உறுப்பினர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோச் கிராமத்து விடுதியிலிருந்து அகதிகள் காவலர்கள் முன்னிலையில் வெளியேற்றப்பட்டதையும் அறிவீர்கள். எங்கள் தொண்டர் அமைப்பின் செயற்குழு ஒருமனதாக ஏற்ற சொற்களை மட்டுமே இங்கே வைத்திருக்கிறோம்.

அகதிகளுக்கான செலவை வரையறுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, அதை மறுக்கவில்லை. இரண்டரை ஆண்டுகளாக நகராட்சிகளும் தேவாலயங்களும் சுமக்கும் பாரத்தையும் அறிவோம்.

ஆனால் அந்தப் பட்டியலை ஏற்க முடியாது. போர் நடக்கும் மாகாணம், நடக்காத மாகாணம் என்று அலுவலக மேசையில் கோடு போட்டிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத டிரான்ஸ்கார்பாத்தியா மாகாண முகவரி உள்ளவருக்கு இனி அரசுச் செலவில் தங்க இடமில்லை. 2022 மே மாதம் ரயில்வே துணை மின்நிலையத்தில் ஏவுகணை விழுந்த வொலொவெட்ஸ் அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. மேற்கு உக்ரைனின் பெருநகரமான லிவிவில் 2024 செப்டம்பர் 4ஆம் தேதி விடியற்காலையில் 7 பேர் செத்தார்கள். ஒரே குடும்பத்தில் தாயும் மூன்று மகள்களும் போய்விட்டார்கள்; தகப்பன் மட்டும் மிஞ்சினார். அரசாணை வந்து இரண்டே வாரம்! மேற்குப் பகுதி பாதுகாப்பானது என்று கையெழுத்திட்டவர்கள் அந்தத் தகப்பனிடம் போய் அதைச் சொல்லட்டும்.

சொந்தமாக வீடு பிடிக்கலாமே என்கிறார்கள். அரசு உதவித்தொகையோ பெரியவருக்கு மாதம் 22,800 ஃபோரின்ட், பிள்ளைக்கு 13,700. மூன்று பிள்ளைகளோடு வந்த தாயின் கையில் 63,900. புடாபெஸ்டில் ஒற்றை அறை வாடகைக்கே அது காணாது. முன்பணத்துக்கு எங்கே போவாள்? வேலைக்குப் போனால் கைக்குழந்தையை யாரிடம் விடுவாள்? ரோமா இனப் பெண் என்று தெரிந்ததும் கதவைச் சாத்தும் வீட்டுக்காரர்களை நம் தொண்டர்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்கள்.

இனப் பாகுபாடு என்ற சொல்லைச் சேர்ப்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது, சேர்க்கவில்லை. கோச்சில் குழந்தை வண்டிகளோடும் மூட்டைகளோடும் சாலையோரம் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் ரோமா பெண்களும் பிள்ளைகளும் என்பதைப் பதிவு செய்கிறோம். பள்ளி திறக்க இரண்டு வாரம்கூட முழுதாக இல்லாதபோது அவர்களை வெளியேற்றியது கொடுமை. இந்தச் சொல்லில் எங்களுக்குள் வேறுபாடில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டுத் தற்காலிகப் பாதுகாப்பு நெறியின் 13ஆம் பிரிவு, பாதுகாப்புப் பெற்றவருக்குத் தகுந்த தங்குமிடம் கிடைக்க வேண்டும் என்கிறது. இந்த அரசாணை அதோடு பொருந்துவதாக எங்களுக்குத் தெரியவில்லை. ஐரோப்பிய ஆணையம் இதை உடனே விசாரிக்க வேண்டும். பட்டியலை அரசு திரும்பப் பெற வேண்டும். குறைந்தபட்சம் பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களை இந்தக் கல்வியாண்டு முடியும்வரை வெளியேற்றக் கூடாது.

அதுவரை, விடுதிகளைக் காலி செய்யத் துணைக்கு ஆள் கேட்டால் எங்கள் தொண்டர்கள் வரமாட்டார்கள். சாலையில் நிற்பவர்களை ஏற்றிக்கொள்ள வண்டி கேட்டால் நள்ளிரவிலும் வருவார்கள்.