எட்டுத் தேரும் ஒரு சக்கரமும்

'முதலில் சக்கரத்தை மாற்றுங்கள்.' பந்தய சைக்கிள் வாங்கிய எந்த இளைஞனும் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் உபதேசம் இது. சொல்பவர்கள் பெரும்பாலும் பெருநகரத்தார். கேட்பவன் எந்தச் சாலையில் ஓட்டுகிறான், அவன் கையில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விகள் அவர்களுக்கு எழுவதில்லை. சைக்கிள் விலைக்குச் சமமான விலையில் ஒரு ஜோடிச் சக்கரத்தை அவன் தலையில் கட்டிவிட்டு, அதற்குத் 'தரமுயர்த்தல்' என்று பெயரும் சூட்டிவிடுகிறார்கள். இலக்கியம் பேசும் இடத்தில் சைக்கிள் சக்கரம் எதற்கு என்று புருவம் உயர்த்தும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். சக்கரத்தை வைத்துத் தமிழில் சொல்லப்பட்ட உவமைகளில் தலையாயது தகடூர் மன்னனைப் பற்றியது. அதற்கும் வருவோம்.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அம்மாவட்டத்தில், அரூரிலிருந்து 16 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது தீர்த்தமலை. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில். அருணகிரிநாதர் பாடிய தலம். கோயிலுக்குப் படியேறித்தான் போக வேண்டும் என்பதால் சைக்கிளுக்கு அங்கே வேலையில்லை. அதன் ராஜ்ஜியம் அடிவாரத்துச் சாலைகள்தாம். அங்கிருந்து அரூருக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவனை எண்ணிக்கொள்வோம். இரண்டு ஆண்டு சேமித்து, கீழ்விலை ரகத்தில் ஒரு பந்தய சைக்கிள் வாங்கியிருக்கிறான். மேற்கொண்டு அவனால் புரட்டக்கூடியது ஒரு பத்தாயிரம் ரூபாய். இவனிடம்தான் கார்பன் சக்கரம் வாங்கச் சொல்கிறார்கள். பணம் போதாதென்றால் கடன் வாங்கு, அல்லது பெயர் தெரியாத மலிவுக் கார்பனையாவது வாங்கு என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள் 65 கிலோ, சைக்கிள் 10 கிலோ. புதுச் சக்கரங்களால் அரைக் கிலோ குறைகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அரூரிலிருந்து சேலம் போகும் வழியில் மஞ்சவாடிக் கணவாய் உண்டு; இன்னொரு பக்கம் சித்தேரி மலைச்சாலை. ஏதோ ஒரு மலைச்சாலையில் 300 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொண்டால், அந்த அரைக் கிலோவைத் தூக்காமல் விட்டதால் மிச்சமாகும் ஆற்றல் சுமார் 1,470 ஜூல். 150 வாட் திறனில் மிதிப்பவனுக்கு அது பத்து விநாடி உழைப்பு. ஏறத்தாழ 25 நிமிட ஏற்றத்தில் பத்து விநாடி! அரை லிட்டர் தண்ணீரை வீட்டில் விட்டுவிட்டு வந்தாலும் இதே பத்து விநாடி கிடைக்கும். சித்திரை வெயிலில் தருமபுரிச் சாலையில் அந்த யோசனையைச் சொல்லும் துணிச்சல் மட்டும் யாருக்கும் வருவதில்லை.

'சக்கரத்தின் எடை சுழலும் எடை. அது சாதாரண எடைக்கு இரு மடங்கு' என்று அடுத்த அஸ்திரத்தை எடுப்பார்கள். விளிம்பில் இருக்கும் எடைக்கு அது உண்மைதான். வேகம் எடுக்கும்போது மட்டும் உண்மை. அரைக் கிலோவும் விளிம்பிலேயே இருப்பதாக வைத்து, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் எடுக்கத் தேவைப்படும் கூடுதல் ஆற்றலைப் பார்த்தால் 35 ஜூல் வருகிறது. நம் இளைஞனுக்குக் கால் விநாடி.

மிஞ்சுவது காற்று. ஆழமான வளையம் காற்றைக் கிழித்துப் போகும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் காற்றை எதிர்க்கும் திறன் வேகத்தின் மும்மடிப்பெருக்கமாக வளர்வது. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு சக்கரம் மிச்சப்படுத்தும் வாட்டுகள் 25 கிலோமீட்டரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விளம்பரங்களில் வரும் எண்கள் பந்தய வேகத்தின் எண்கள். சட்டைப்பை காற்றில் படபடக்க, முதுகில் சோற்றுப் பாத்திரத்தோடு போகிறவனின் எண்கள் அல்ல.

பணத்தை எங்கே போடுவது? டயரில். இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். டயர் பார்வைக்குக் கவர்ச்சியில்லை, புகைப்படத்தில் தெரிவதில்லை. கீழ்விலை சைக்கிள்களோடு வரும் விறைப்பான டயர்களைக் கழற்றிவிட்டு நெகிழ்வான நல்ல டயர்களைப் போட்டால், இரண்டுக்குமாகச் சேர்த்துப் பத்து வாட்டுக்கு மேல்கூட மிச்சமாகலாம். அந்த மிச்சம் எந்த வேகத்திலும் உண்டு. சட்டமும் பிரேக்கும் இடம் கொடுத்தால் 28 மில்லிமீட்டர் அகலத்துக்குப் போய்விடுவது நல்லது. 100ஐத் தாண்டிக் காற்றடித்துக் கல்லுப்போல் வைத்துக்கொள்வது வேகம் என்ற மூடநம்பிக்கையையும் அத்தோடு விட்டுவிடலாம். கப்பிச் சாலையில் அந்தக் காற்று வண்டியைத் தள்ளுவதில்லை, ஆளைத்தான் குலுக்குகிறது. இந்தச் சாலைகளின் மெய்யான எதிரி சீமைக்கருவேல முள். நெருஞ்சியும் லேசுப்பட்டதல்ல. மிக மெல்லிய பந்தய டயரை இங்கே பரிந்துரைப்பவர் ஒருமுறையாவது சாலையோரம் குந்திப் பஞ்சர் ஒட்டியவராக இருக்க முடியாது.

எதிர்வாதத்தின் வலுவான பகுதியை ஒதுக்கிவிட்டுப் போக விரும்பவில்லை. கீழ்விலை பந்தய சைக்கிள்களோடு வரும் சக்கரங்கள் பல மோசமானவை. எந்திரம் அவசரமாகக் கட்டியவை. கம்பிகளின் இறுக்கம் ஒன்றுக்கொன்று ஒவ்வாது. அச்சில் கிரீஸ் பேருக்குத்தான் இருக்கும். உண்மை. ஆனால் இதற்கு முதல் மருந்து புதுச் சக்கரமல்ல. கம்பிகளைச் சீராக இறுக்கி, பெண்டு எடுத்து, அச்சைப் பிரித்துக் கழுவிக் கிரீஸ் வைத்தால், 'செத்துப்போன' சக்கரங்களில் பாதி எழுந்து உட்கார்ந்துவிடும். செலவு சில நூறு ரூபாய். வேண்டியது, செய்யத் தெரிந்த ஒரு கை.

அந்தக் கையைப் பற்றித்தான் எங்கள் சண்டையே.

மாட்டுவண்டியில் குடம், ஆரக்கால், வட்டை என்றிருந்தவை சைக்கிள் கடையில் ஹப், போக்ஸ் கம்பி, ரிம் ஆயின. பெயர் மட்டுமா மாறியது? வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் பாரத்தை ஊன்றித் தாங்குகிறது. சைக்கிள் கம்பியோ இழுபட்டே வாழ்கிறது. பாரம் ஏறும்போது அடியிலுள்ள கம்பிகளின் இறுக்கம் சற்றுத் தளர்கிறது, சுழன்று மேலே போனதும் மீள்கிறது. ஓயாத இந்தத் தளர்வும் மீட்சியும்தான் கம்பியைக் களைப்படையச் செய்து முறிக்கின்றன. ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981இல் சைக்கிள் சக்கரத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதி இதையெல்லாம் விளக்கினார். போதிய இறுக்கமும் சமமான இறுக்கமும் கொண்ட சக்கரம் நெடுநாள் உழைக்கும். விலையை வைத்து அந்த இறுக்கம் வந்துவிடாது. கம்பியை வீணைத் தந்திபோல் மீட்டி, ஓசையில் ஏற்ற இறக்கம் கேட்டு, நிப்பிளைக் கால் திருகு திருகுகிற பொறுமையினால் வருவது அது.

புறநானூற்றின் 87ஆம் பாட்டு. பகைவரை எச்சரிக்கிறார் ஔவையார். அதியமான் நெடுமான் அஞ்சியை அவர் ஒப்பிடுவது யானைக்கோ புலிக்கோ அல்ல. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முழுக்க முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு! அந்தத் தச்சனுக்கு வேகமும் தெரியும், வேகத்தை நிறுத்திவைக்கவும் தெரியும். கைத்திறனின் உச்சத்துக்குச் சக்கரத்தை அளவுகோலாக வைத்த ஒரு மொழியில் இன்று 'லோக்கல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடாதே' என்பது அறிவுரையாகிவிட்டது. 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் கற்றதைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். அந்தச் சைக்கிள்களுக்குப் பெண்டு எடுத்தவரைப் பற்றிய ஒரு கதையோ கவிதையோ எங்கள் வாசிப்பில் இதுவரை எதிர்ப்படவில்லை.

சாலையோரக் கடையைப் புனிதப்படுத்துவது எங்கள் நோக்கமல்ல. சுத்தியலும் ஸ்பானரும் மட்டுமே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அடித்துச் சரிசெய்கிறவர்களும் உண்டு. பல கியர் சைக்கிளின் பின்சக்கரப் பற்சக்கரத்தைக் கழற்றும் கருவி பல கடைகளில் இருக்காது. ஆனால் அரசு விலையில்லா சைக்கிள் திட்டம் 2005-06இல் பிளஸ் ஒன் மாணவ மாணவியருக்கெல்லாம் விரிந்த பிறகு, சிற்றூர்களின் சாலைகளில் அந்த வண்டிகள் எத்தனை எத்தனை ஓடியிருக்கின்றன! அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிய கைகள் அவை. கருவி வாங்கிவிடலாம். கை வாங்க முடியாது.

பழைய சக்கரம் தேறவே தேறாது, மாற்றத்தான் வேண்டும் என்றால், எங்கள் தேர்வு கையால் கட்டிய சக்கரம். அலுமினிய ரிம், 32 துளை, மூன்று குறுக்காகப் பின்னிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பித்தளை நிப்பிள். வாங்குமுன் பிரேக் ரிம்மில் பிடிப்பதா டிஸ்க்கா, அச்சின் அகலம் என்ன, பின்னால் எத்தனை பற்சக்கரம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் பிசகினால் சக்கரம் பரணுக்குத்தான். அச்சு, கோனும் கப்பும் கொண்ட பழைய முறையிலானதாக இருப்பது நலம். அதில் பின்னால் கால் அங்குல பால்ரஸ், முன்னால் 3/16 அங்குலம். நம்மூர்ச் சாதாரண சைக்கிளிலும் அதே அளவுதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். எடை சற்றுக் கூடுதலாக இருக்கும். இருக்கட்டும். நம்மூர்ப் பழைய சைக்கிள்கள் முன்னே 32, பின்னே 40 கம்பியோடு மூட்டை மூட்டையாக நெல் சுமந்தவை. இருபது தட்டைக் கம்பியோடு வரும் நாகரிகச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் வளையம் கோணி பிரேக்கில் உரசி நின்றுவிடக்கூடும். அந்தத் தட்டைக் கம்பி அரூரில் கிடைக்காது. கூரியரில் வரும்வரை நம் இளைஞன் பேருந்துக்குக் காத்து நிற்பான். 32இல் ஒன்று அறுந்தாலோ, பக்கத்துக் கம்பிகளைச் சற்றுத் திருகி வீடு வந்து சேரலாம்.

மலிவுக் கார்பனைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ரிம்மில் பிரேக் பிடிக்கும் வண்டியில், சித்தேரி போன்ற நீண்ட இறக்கத்தில் அழுத்திக்கொண்டே வந்தால், சூடேறிக் கார்பனைப் பிணைக்கும் பிசின் இளகும். இதில் பணயம் காசு மட்டுமல்ல.

கூலி விஷயத்துக்கு வருகிறோம். ஒரு ஜோடிச் சக்கரத்தைப் பின்னி, நிமிர்த்தி, இரண்டிரண்டு கம்பியாகப் பிடித்து அழுத்தி, மறுபடி நிமிர்த்த ஒருவருக்கு அரை நாளாவது போகும். முப்பதாயிரத்துக்குச் சக்கரம் வாங்கத் தயாராக இருக்கும் அதே நண்பர், இந்த அரை நாளுக்கு முந்நூறு கேட்டால் பேரம் பேசுகிறார். அவர் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வராததில் வியப்பென்ன? 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மிச்சமானதை அப்படியே கூலியில் சேருங்கள் என்று கேட்டால், 'அது சந்தை முடிவுசெய்வது' என்று பொருளாதாரம் பேசுவார்கள். பேசட்டும்.

அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது ஔவையார் இன்னொரு வண்டிப் பொருளையும் சொல்கிறார் (புறநானூறு 102). மேடுபள்ளம் எப்படியிருக்குமோ என்று உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சு. சக்கரம் கட்டி முடித்த அன்றே, அதே நீளத்தில் கூடுதலாகக் கம்பிகள் கேட்டு வாங்கிச் சட்டத்தோடு டேப் சுற்றி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்துக்கு வலப்பக்கக் கம்பியும் இடப்பக்கக் கம்பியும் ஒரே நீளமல்ல, பக்கத்துக்கு இரண்டு.