இடுப்பு வலியும் எக்ஸ்ரே படமும்

காஞ்சியில் குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்கும் நெசவாளியின் இடுப்பு மூட்டுகள் ஓயாது உழைக்கின்றன. வயலில் குனிந்து நாற்று நடுவோர் நிலையும் அதுவே. அம்மூட்டு நொந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும். ஆகவே, வைத்தியப் பரிசோதனைக்கு அங்கத்தினர் செலவிடும் பணம் முறையாகச் செலவாகிறதா என்று கவனிப்பது சங்கங்களுக்கும் உரிய கடமை என்பது நமது அபிப்பிராயம்.

முதற் குழப்பம் நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. முதுகின் அடிப்பாகம் நொந்தாலும் "இடுப்பு வலி" என்கிறோம். தொடை எலும்பு இடுப்பெலும்போடு பொருந்தும் மூட்டு நொந்தாலும் அவ்வாறே சொல்கிறோம். இவ்விரண்டுக்கும் எடுக்க வேண்டிய படங்கள் வெவ்வேறு. இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் தோன்றும்; சிலருக்கு முழங்கால் வரை இறங்கும். பிட்டத்து வலியோ பல வேளைகளில் முதுகுத்தண்டிலிருந்து வருவது. ஆதலால் மருத்துவரிடம் வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவதே முதற் காரியம்.

எந்தப் படத்தை முதலில் எடுப்பது? 1895-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்ரேயே இன்றும் முதற்படி. குறைந்த செலவில் இரு பக்கத்து மூட்டுகளையும் ஒரே படத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூட்டுத் தேய்மானத்தையும் பெரும்பாலான எலும்பு முறிவுகளையும் அது காட்டிவிடும். கடன் வாங்கிக்கொண்டு நேரே எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு ஓடுவது பலருக்கு வீண் செலவே.

எனினும், எக்ஸ்ரேயில் குற்றம் தெரியவில்லை என்பதாலேயே வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பதும் தவறு. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குன்றி எலும்பு மடியும் நோயொன்று உண்டு. நெடுநாள் ஸ்டிராய்டு மருந்து உண்டோருக்கும் மிகுதியாக மது அருந்துவோருக்கும் அது வரக்கூடும். உழைக்கும் வயதினரையே பெரிதும் தாக்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தென்படாது, எம்.ஆர்.ஐ. காட்டிக் கொடுக்கும். எலும்பின் தலை நொறுங்குமுன் அறிந்தால் மூட்டைக் காக்க முயலலாம். பிந்தினால் செயற்கை மூட்டு பொருத்தும் அறுவைச் சிகிச்சை வரை போக நேரிடும். முதியோர் கீழே விழுந்து காலை ஊன்ற முடியாதிருந்தாலும், எக்ஸ்ரேயோடு நின்றுவிடலாகாது. காய்ச்சலோடு கூடிய கடும் வலியையும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடலாகாது.

படம் மட்டுமே தீர்ப்பாகாது என்பதையும் மறத்தலாகாது. வலியே அறியாத முதியோரின் படத்திலும் தேய்மானம் காணப்படும். படத்தையும் நோயாளியையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரே முடிவு கூற வேண்டும்.

மருத்துவச் செலவுக்குக் கடன் கோரி வருவோரிடம், "மருத்துவர் தொட்டுப் பார்த்தாரா? எக்ஸ்ரே எடுத்தாயிற்றா?" என்று நிர்வாகிகள் அன்போடு வினவுவார்களாக. ஸ்கான் தேவையெனில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டா என அரசு மருத்துவமனையில் விசாரிக்கவும் துணைபுரிக. அங்கத்தினரும் பழைய படங்களைப் பாஸ் புத்தகம்போற் பத்திரப்படுத்துவாராக. பின்னர் எடுக்கும் படத்தோடு ஒப்பிட அவை உதவும்.