ஹர்ட்டும் வூண்டும் ஒன்றல்ல

பள்ளி ஆங்கில வழிகாட்டிகளில் ஒத்த பொருள் சொற்களின் பட்டியல் ஒன்று இருக்கும். ஹர்ட், இஞ்சூர், வூண்ட், ஹார்ம், டேமேஜ் எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்கி, எதிரே ‘காயப்படுத்து’ என்று போட்டிருப்பார்கள். எதை எழுதினாலும் மதிப்பெண் கிடைப்பதால், எல்லாம் ஒன்றுதான் என்ற நம்பிக்கையோடு மாணவர்கள் வேலைக்கும் போய்விடுகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் நிற்காதவை.

ஐந்தும் வலியைத்தான் குறிக்கின்றன என்பது முதல் காரணம். வலியை நேராகச் சொல்வது ஹர்ட் மட்டுமே. கால் வலித்தால் கால் ‘ஹர்ட்ஸ்’ என்பார்கள். அந்த இடத்தில் மற்ற நான்கில் எதுவும் பொருந்தாது. புகை நுரையீரலுக்கு ஹார்ம் செய்கிறது, ஆனால் பல ஆண்டுகள் வலியே தெரியாமல் போகலாம். விபத்தில் கார் டேமேஜ் ஆகும், ஓட்டியவர் இஞ்சூர் ஆவார். அவருடைய கல்லீரலுக்கு டேமேஜ் என்று மருத்துவர் சொல்லலாம்; அவரையே அப்படிச் சொல்ல மாட்டார்.

இரண்டாவது காரணம் இன்னும் பரவலானது: வேறுபாடு கடுமையில்தான், ஹர்ட் சிறியது, வூண்ட் பெரியது. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இதை எப்போதோ மறுத்துவிட்டன. 1830இல் வுட் என்பவர் மீதான வழக்கில், அடிபட்டவரின் காறை எலும்பு முறிந்திருந்தது, தோல் கிழியவில்லை. அது வூண்ட் அல்ல என்று தீர்ப்பானது. 1980களில் இன்னொரு வழக்கு. ஏர்கன் குண்டு ஒரு சிறுவனின் கண்ணருகே பட்டு, கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. அதுவும் வூண்ட் அல்ல. தோலின் எல்லா அடுக்கும் அறுபட வேண்டும் என்றார்கள். அப்படியானால் சிறிய கத்திக் கீறல், ஆழம் போதுமானால், வூண்ட். முறிந்த எலும்பு அல்ல. அளவு பெரிதா சிறிதா என்பது அங்கே கேள்வியே இல்லை.

‘மெய்ம்’ என்ற சொல்லின் கதை இதைவிடத் தெளிவு. பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஒருவனைச் சண்டைக்கு உதவாதவனாக்குவதே மெய்ம். முன்பல் போனால் அதில் அடங்கும். மூக்கோ காதோ போனால் அடங்காது, ஏனென்றால் அவை இல்லாமலும் வாள் வீசலாம். 1670இல் நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜான் கவென்ட்ரியை லண்டன் தெருவில் மடக்கி மூக்கைக் கிழித்தார்கள். மன்னர் இரண்டாம் சார்ல்ஸுக்கு நடிகைகளோடு இருந்த தொடர்பைச் சபையில் அவர் குத்திக் காட்டியிருந்தார். பழைய சொல்லுக்குள் மூக்கு அடங்காததால், நாடாளுமன்றம் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

இதெல்லாம் வக்கீல்களின் நுணுக்கம், சாதாரண ஆளுக்கு எதற்கு என்பார்கள். செய்தித்தாளைப் பாருங்கள்: பேருந்து கவிழ்ந்தால் பயணிகள் இஞ்சூர்ட், துப்பாக்கிச் சூட்டில் வூண்டட். அமெரிக்க ராணுவத்தின் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் எதிரியால் வூண்ட் ஆனவருக்கு உரியது. முகாமில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டவருக்குக் கிடையாது.

கடைசி வாதம், நம் நாட்டில் இந்த வேறுபாடு செல்லாது என்பது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே மறுப்பு. அதில் உடல் வலி, நோய், தளர்ச்சி எதை உண்டாக்கினாலும் ஹர்ட். முடியைப் பிடித்து இழுத்தாலும், ரத்தம் வராவிட்டாலும், அது ஹர்ட்தான். எலும்பு முறிந்தால் கொடுங்காயம். இஞ்சுரியோ உடலோடு நிற்கவில்லை. மனம், நற்பெயர், சொத்து எதற்குச் சட்டவிரோதமாகத் தீங்கு செய்தாலும் இஞ்சுரி. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்தப் பாகுபாட்டைக் கைவிடவில்லை. கொடுங்காய வரையறையில், கடும் வலி நீடிக்க வேண்டிய 20 நாள் கெடுவை 15 ஆக்கியது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்புக்குச் சாதகமாக ஒன்று உண்டு. அரசு மருத்துவமனை தரும் வூண்ட் சர்டிபிகேட்டில் எலும்பு முறிவும் இடம்பெறும். அங்கே சொல் தளர்ந்திருப்பது உண்மை. ஆனால் அந்தத் தாளின் உள்ளே மருத்துவர் சிராய்ப்பு, கன்றல், கிழிகாயம், வெட்டுக்காயம், குத்துக்காயம் என்று பிரித்தே எழுதுகிறார். எந்த ஆயுதம் பட்டது என்பதைக் கணிக்க நீதிமன்றத்துக்கு அந்தப் பிரிவு உதவுகிறது.