செவி செய்யும் கணக்கு

நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்குப் படிக்க வரும் மாணவி ஒருத்தி அண்மையில் எம்மிடம் ஒரு வினா எழுப்பினாள். அவளுடைய தந்தை தேயிலை ஸ்டோரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரோதைகளின் அருகே நின்றவர்.

"அப்பாவுக்குக் குரல் கேட்கிறது ஐயா, சொல்தான் விளங்கவில்லை. 'பத்து' என்றால் 'பட்டா?' என்கிறார். உரத்துச் சொன்னால், 'ஏன் கத்துகிறாய்?' என்று சினக்கிறார். இஃது என்ன செவிடு?"

விடைக்கு நாம் பூரியே என்னும் பிரெஞ்சு அறிஞரை நாட வேண்டும். 1822-இல் வெளியான அவரது நூல் வெப்பத்தைப் பற்றியது. எனினும் ஒலிக்கும் அதுவே திறவுகோலாயிற்று. எத்துணைச் சிக்கலான அலையும், வெவ்வேறு வேகத்தில் அதிரும் எளிய அலைகள் பலவற்றின் கூட்டே என்பது அவர் கருத்து. அக்கூட்டில் எந்த அதிர்வு எவ்வளவு கலந்துள்ளது எனப் பகுத்துக் கூறும் கணக்கே பூரியே உருமாற்றம். குழம்பை நாவில் இட்டதும் உப்பு இவ்வளவு, புளி இவ்வளவு என்று சொல்லிவிடும் பாட்டியின் திறமை போன்றது அது.

ஏறக்குறைய இதே வேலையைச் செவி தாளும் பென்சிலும் இன்றிச் செய்கிறது. உட்காதிலே, நத்தையோடு போற் சுருண்ட குழலின் நெடுக, சுமார் 35 மில்லிமீற்றர் நீளமான மென்சவ்வு ஒன்று கிடக்கிறது. வாயிற்புறத்தில் அது ஒடுங்கி விறைத்திருக்கும். உச்சிப்புறத்தில் அகன்று தளர்ந்திருக்கும். ஆதலின் கீச்சொலி வாயிலருகேயும் கனத்த ஒலி உச்சியருகேயும் அதனை மிகுதியாக அசைக்கின்றன. இவ்வசைவை ஆராய்ந்து காட்டிய பெக்கேஷி 1961-இல் நோபல் பரிசு பெற்றார். காமன் கூத்திலே தப்பும் பாட்டும் ஒருங்கே எழும்போதும் இரண்டையும் நாம் பிரித்தறிவதற்கு இப்பகுப்பே அடிப்படை. பூரியேயின் கணக்கு ஒலி முழுவதையும் ஒருசேர எடுத்துப் பகுக்கும். செவியோ ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே கணத்துக்குக் கணம் பகுக்கும். தப்பின் அடி எப்பொழுது விழுந்தது என்பதும் அதற்குத் தப்பாது.

சவ்வின் அசைவை நரம்புக்கு அறிவிப்பவை மயிர்க்கலங்கள். ஒரு காதில் ஏறத்தாழ 15,000 உண்டு. இரைச்சலால் மடிந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலிற் கெடுவது, செக்கனுக்கு 4,000 அதிர்வு அளவிலான ஒலியை அறியும் இடம். உயிரொலிகளின் வலு பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ளது. ஆகவே குரல் கேட்கிறது. 'த', 'ட', 'ச' என்பவற்றை வேறுபடுத்தும் நுண்ணொலிகள் உயர்ந்த அதிர்வுகளில் உள்ளன, அவையே மறைகின்றன. கத்தினால், முன்னமே கேட்கும் பகுதிதான் இன்னும் உரக்கும். தந்தையின் சினத்தில் நியாயம் உண்டு.

முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசும்படியும், காது வைத்தியரிடம் அவரைக் காட்டும்படியும் கூறினோம். இப்பொழுது அதே ரோதையருகே அவளுடைய அண்ணன் நிற்கிறானாம். யந்திரத்தைக் காக்க ரோதை முனிக்குப் பூசையிடும் தோட்டத்தில், காதைக் காக்க என்ன உண்டு என்று கேட்டோம்.

"பஞ்சு வைத்துக்கொள்கிறான்" என்றாள்.

வெறும் பஞ்சு போதாது. நுரையாலான செவியடைப்பான் வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி, அண்ணனிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினோம்.