வந்தியின் பங்குக் கரை

மதுரையில் ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடைபெறுகிறது. வைகை பெருகியபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தத்தம் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதாகத் திருவிளையாடற் புராணம் கூறும். பிட்டு விற்றுப் பிழைத்த மூதாட்டி வந்திக்குத் துணை எவருமில்லை. சொக்கநாதப் பெருமானே கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தார், பிரம்படியும் ஏற்றார்.

இதில் முதியோர் மனத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. 'இறைவன் காப்பான்' என்று வந்தி வாளாவிருக்கவில்லை. தன்னால் இயலாதென உணர்ந்து ஆள் தேடினாள். உதவி கேட்க அவள் நாணவில்லை.

இக்காலத்தில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் பல. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாறு பெருகியபோது, சென்னையின் கரையோரத் தெருக்களில் தரைத்தள வீடுகளுள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வேளையில் பொருள்களைத் தேடி எடுக்க அவகாசம் இராது.

ஆகவே, ஐப்பசி மழைக்கு முன்பே அவரவர் பங்குக் கரையை அடைத்துவிட வேண்டும். வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, ஓய்வூதியப் புத்தகம், பத்து நாளுக்கான மருந்து, மருந்துச் சீட்டு, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை நீர் புகாத ஒரே பையில் இட்டு, கைக்கெட்டும் உயரத்தில் வைக்கலாம். பூஜையறையின் ஏடுகளும் பழைய படங்களும் தரையை விட்டு மேலேறட்டும். வெள்ளம் வாசல் வழியே மட்டும் வருவதில்லை. கழிவறை, குளியலறைக் குழாய்களின் வழியாகவும் மேலெழும். மணல் நிரப்பிய சாக்குகளை அவ்விடங்களில் வைத்து அடைக்க, அண்டை வீட்டு இளைஞரிடம் முன்னரே சொல்லி வைத்தல் நன்று.

தரை நனையுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, எரிவாயு உருளையையும் மூடிவிட வேண்டும். நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. வெள்ளம் வடிந்த பிறகும், மின்பணியாளர் பார்த்துச் சொல்லும்வரை மின்சாரம் வேண்டாம். தொட்டி நீரைத் தூய்மை செய்யும்வரை பருகவும் வேண்டாம். தமிழகத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இவை அனைத்தினும் கடினமானது வீட்டை விட்டுப் புறப்படுவதே. 'அறுபது ஆண்டு ஏற்றிய விளக்கை விட்டு எப்படி வருவது?' என்று தயங்கி நின்றுவிடும் பெரியோர் உண்டு. விளக்கைப் பிறிதொரு நாள் மீண்டும் ஏற்றலாம். ஏற்றும் கை இருக்க வேண்டும். வெளியேறுமாறு அறிவிப்பு வந்தால், பகல் வெளிச்சத்திலேயே புறப்படுவது நலம்.

வந்திக்காக வந்தவன் கூடையும் மண்வெட்டியுமாக வந்தான். மழை நாளில் படகோடு வாசலில் நின்று அழைப்பவன் யாரென்று எவர் அறிவார்? அவன் நீட்டும் கையை மறுக்கலாகாது.