ஆழம் மட்டுமே எண்ணெயை இலேசாக்குவதில்லை

"ஆழம் கூடக் கூடக் கச்சா எண்ணெய் இலேசாகும்" என்னும் வாக்கியம் நம் புவியியல் வகுப்புகளில் விதியைப் போலவே ஓதப்படுகிறது. அது முழுப் பொய்யன்று. காரணத்தை மறைத்து விளைவை மட்டும் காட்டும் அரை உண்மை.

குஜராத்தின் காம்பே படுகையைப் பாருங்கள். தென்பகுதியில் 1960இல் கண்டறியப்பட்ட அங்கலேஷ்வர் வயல் மிக இலேசான எண்ணெயைத் தருகிறது. வடக்கே மேசானாப் பகுதியின் பலோல் வயலில் கிடைப்பதோ கன எண்ணெய். அதை இளக்கி நகர்த்த, ஒரு பகுதியை நிலத்தடியிலேயே எரிக்க வேண்டியுள்ளது. இரு வயல்களிலும் தேக்கப்பாறை இருப்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்தான். ஆழமே விதியாயின், இவ்வேறுபாடு எப்படி வந்தது?

எண்ணெய் பிறக்கும் இடம் வேறு, தங்கும் இடம் வேறு. மூலப்பாறையில் புதைந்த கரிமப் பொருளான கெரோஜன், ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் எண்ணெயாக மாறத் தொடங்குகிறது. முதலில் வெளிப்படுவதில் பெரிய மூலக்கூறுகள் மிகுதி. வெப்பம் 120 பாகையை நெருங்குகையில் கார்பன் சங்கிலிகள் முறிந்து சிறியவை பெருகுகின்றன, எண்ணெய் இலேசாகிறது. 150 பாகையைக் கடந்தால் வாயுவே மேலோங்கும். இவ்வினைகள் நிகழப் பல இலட்சம் ஆண்டுகளும் வேண்டும்.

அந்த 120 பாகை எவ்வளவு ஆழத்தில் கிட்டும்? தரைமட்ட வெப்பநிலை 25 பாகை என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 25 பாகை வீதம் வெப்பம் உயரும் படுகையில் 3.8 கிலோமீட்டர், 40 பாகை வீதம் உயரும் படுகையில் 2.4 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரே எண்ணெய்க்கு இரண்டு ஆழங்கள்!

பிறந்த பின்னும் எண்ணெய் மாறுகிறது. மேலேறி வந்து 80 பாகைக்குக் குறைந்த தேக்கப்பாறையில் தங்கினால், நுண்ணுயிர்கள் இலேசான கூறுகளை முதலில் உண்கின்றன, எஞ்சுவது கனக்கிறது. நன்கு முதிர்ந்து இலேசாகப் பிறந்த எண்ணெயும் இவ்வாறு கெடலாம்.

ஆகவே எண்ணெயின் தன்மை, அது கடந்துவந்த வெப்பத்தின் வரலாறு. கிணற்றின் ஆழம் அவ்வரலாற்றின் கடைசி வரி மட்டுமே. ஆழத்தை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர், கள ஆய்வில் எதிர்கொள்ளும் முதல் படுகையிலேயே தடுமாறுவார். அத்தடுமாற்றத்தின் விலை பல கோடி ரூபாய் செலவில் தோண்டிய வெற்றுக் கிணறாகவும் இருக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இலேசான எண்ணெய் எந்த ஆழத்தில் உருவாகும்?" என்று இனிக் கேட்காதீர்கள். ஒரு படுகையின் புதைவு வரலாற்று வரைபடத்தைக் கொடுத்து, "இங்கு எப்போது, ஏன் உருவானது?" என்று கேளுங்கள். மனப்பாடம் அங்கே உதவாது, புவியியல் உதவும்.