தட்டினால் போதாது, தமிழில் கேட்க ஆள் வேண்டும்

2016 மே 17 அன்று கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மீதும் மண் விழுந்து உயிர்களைப் புதைத்தது. அப்படியொரு நாளைக் கண்டவருக்கு அடைமழைச் சத்தம் போதும். நெஞ்சு படபடக்கும், கண் மூடாது. உலர் உணவோடும் கூரைத்தகட்டோடும் நிவாரணக் கணக்கு முடிந்துவிடுகிறது. இந்தப் பயத்தை யார் பார்ப்பது?

யாரும் பார்க்காத இடத்தில் எதுவும் நுழையும். புருவ ஓரம், கண்ணுக்குக் கீழ், காறையெலும்பு என விரல் நுனியால் தட்டினால் உடலில் தடைப்பட்ட சக்தி திறந்து மனக்காயம் ஆறும் என்கிறது ஒரு முறை. அமெரிக்கரான ரொஜர் கலஹன் 1980களில் தொடங்கியதை கேரி கிரெய்க் எளிதாக்கிப் பரப்பினார். தட்டியவர்களுக்குப் பயம் குறைவது உண்மைதான். ஆனால், 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சொன்ன இடங்களில் தட்டியவர்களுக்கும், வேறு இடங்களில் தட்டியவர்களுக்கும், வெறும் பொம்மையைத் தட்டியவர்களுக்கும்கூட பயம் குறைந்தது. சக்திப் பாதை என்ற விளக்கம் அங்கே நிற்கவில்லை.

அதற்காக உடல்வழிப் பயிற்சிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. பூசாரி வேப்பிலை அடித்துத் திருநீறு பூசும்போதும் கலங்கிய மனம் அடங்கத்தான் செய்கிறது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் மூச்சுப் பயிற்சியையும் ஜெபத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார்.

நமக்கு வேண்டிய பாடம் இலங்கையிலேயே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கில் போரும் கடலும் சேர்ந்து வதைத்த 31 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2009இல் வெளியானது. சிலர் தமக்கு நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார்கள்; மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறே அமர்வுகள். இரு பகுதியிலும் பெரும்பாலானோர் தேறினார்கள். கூட இருந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள், பிள்ளைகளின் மொழி பேசியவர்கள்.

கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த சப்ரகமுவ மாகாணத்தில் தோட்டத் தமிழர் சிதறிக் கிடக்கும் சிறுபான்மையினர். தெஹியோவிட்டவில் பால் வெட்டும் பெண்ணோ, இறக்குவானையில் கொழுந்தெடுக்கும் தாயோ மனம்விட்டு அழுவது தமிழில்தான். எனவே இரத்தினபுரி, கேகாலை தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் பிள்ளைக்காம்பரா பொறுப்பாளர்களுக்கும் இத்தகைய பயிற்சி கொடுக்க வேண்டும். பிரதேச செயலகங்களில் தமிழ் பேசும் உளவளத்துணையாளரை அமர்த்த வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கு அனுப்பத் தோட்ட நிருவாகம் வாகனம் தர வேண்டும். 1926 என்ற உளநல உதவி எண் ஒவ்வொரு லயச் சுவரிலும் தமிழில் இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு 'சக்தி' விற்க வருபவரைத் தொழிற்சங்கங்கள் தோட்டத்துக்குள் விடக் கூடாது. மாகாணக் கல்வி, சுகாதார அமைச்சுகள் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே இந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.